வழிகாட்டி டீச்சரின் லாங் சைஸ் நோட்டு: அவர் செய்த முறையைத் தொகுக்கும் இழை

மண்ணியாறு

டீச்சர் காலமான செய்தி எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். இரங்கல் பதிவுகள் வேறு இழையில் ஓடுகின்றன, அவை அங்கேயே இருக்கட்டும். இது வேறு காரியத்துக்கு. அவர் பிள்ளைகளைக் கரைசேர்த்த முறை அவரோடு போய்விடக் கூடாது. தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதுங்கள்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: அவர் காவிரி டெல்டாவில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் விலங்கியல் முதுகலை ஆசிரியர். மேற்படிப்பு வழிகாட்டல் அவருக்குப் பதவி இல்லை, கூடுதல் பொறுப்பு. அதற்குத் தனிச் சம்பளமும் கிடையாது, பீரியடும் குறையாது. பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இருந்த காலத்திலேயே (கடைசித் தேர்வு 2006) இந்த வேலையை ஆரம்பித்தவர். சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ராத்திரி பஸ் ஏறி நேரில் கவுன்சலிங் போன காலம், 2017-ல் நீட் வந்தது, 2018-ல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது, 2022-ல் அரசின் வழிகாட்டல் திட்டமான 'நான் முதல்வன்' வந்தது என்று எல்லா மாற்றத்தையும் பார்த்துவிட்டு ஓய்வுபெற்றார். அதற்கப்புறமும் மே, ஜூன் வந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் இருக்காது.

ஒரு வேண்டுகோள்: "தெய்வம் மாதிரி" என்ற ரீதியில் இங்கே வேண்டாம். அவருக்கே பிடிக்காது.

கடைமடை

நோட்டிலிருந்தே தொடங்குவோம். 192 பக்க லாங் சைஸ். பிளஸ் ஒன் சேர்ந்த ஜூலையிலேயே ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவார். இடது பக்கம் பென்சில், வலது பக்கம் பேனா. மாறக்கூடியது பென்சிலில், மாறாதது பேனாவில்.

பேனா பக்கத்தில் முதலில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே பெயரும் இனிஷியலும், எழுத்துக்கு எழுத்து. அதன் கீழே ஆதாரில் உள்ள பெயர், அதற்குக் கீழே சாதிச் சான்றிதழில் உள்ள பெயர். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு மையில் வட்டம். நம் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் உண்டு. பள்ளிச் சான்றில் 'கே' என்று இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், சாதிச் சான்றில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். இனிஷியலுக்கும் விரித்த பெயருக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். பெயரிலேயே எழுத்து மாறினால்தான் தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றைத் திருத்துவது பெரிய வேலை, ஆதாரைத் திருத்துவது சின்ன வேலை. அதனால் எப்போதும் பள்ளிச் சான்றை மூலமாக வைத்து மற்றதை அதற்கு இழுப்பார், தலைகீழாகச் செய்ய விடமாட்டார்.

அடுத்து ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வரி. ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி, அரசா, உதவி பெறுவதா, தனியாரா. அந்த ஏழு வரிக்காகத்தான் நோட்டே என்று சொல்லலாம்.

பென்சில் பக்கத்தில் வீட்டில் யார் போன் எடுப்பார்கள், வங்கிக் கணக்கு யார் பெயரில், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. அதோடு "முடிவு சொல்வது யார்" என்று ஒரு வரி. அப்பா பெயர் அங்கே அபூர்வமாகத்தான் இருக்கும். தாய்மாமன், பெரியப்பா, அப்பாயி, திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் என்று இருக்கும்.

வேதியியல் வாத்தியார்

கடைமடை அண்ணன் சொன்ன ஏழு வரிக்கு விளக்கம் தருகிறேன்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது.

டெல்டாவில் இது மற்ற இடத்தைவிட அதிகம் வலிக்கும். கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம், மன்னார்குடி, நாகப்பட்டினம் எங்கே பார்த்தாலும் நூற்றாண்டு கண்ட உதவி பெறும் பள்ளிகள். "அதுவும் கவர்மெண்ட் சம்பளம்தானே" என்று ஜனங்கள் நினைப்பார்கள். ஆறு, ஏழு, எட்டு பக்கத்து ஊர் உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில், ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் என்றால் ஒதுக்கீடு போச்சு. இதை மதிப்பெண் வந்த பிறகு கண்டுபிடித்தால் அழுவதைத் தவிர வழியில்லை. டீச்சர் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கே போய் ஐந்தாம் வகுப்புப் பெற்றோரிடம் சொல்வார். அவர் பள்ளிக்கு அதில் நேரடி லாபம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. பொதுப் பிரிவில் இடம் எடுத்துக்கொண்டு "நான் அரசுப் பள்ளிதானே" என்று பிறகு கேட்க முடியாது. இரண்டு தரவரிசையும் கையில் உள்ள பிள்ளை, கொஞ்சம் பேர் பெற்ற கல்லூரி பொதுவில் வருகிறதே என்று அதை அழுத்திவிட்டால் நான்கு வருடச் செலவும் வீட்டுத் தலையில். தெரிந்தே எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

ஈசேவை மேசை

சான்றிதழ் விஷயத்தில் அவர் கணக்கு ரொம்பத் துல்லியம், அதுவும் நம் மாவட்டங்களுக்கே உரிய கணக்கு. அவரிடமிருந்து எங்கள் இ-சேவை மையத்துக்கு வரும் கும்பலுக்கு என்று ஒரு மாதம் இருந்தது: ஆகஸ்ட்.

ஏன் ஆகஸ்ட்? கிராம நிர்வாக அலுவலரின் வருடத்தைப் பாருங்கள். அக்டோபர் பிறந்தால் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு). அதன் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15, அதுவரை மூச்சுவிட நேரம் இருக்காது. இடையில் மழை அடித்தால் பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு. தை, மாசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக அடங்கல், சிட்டா (நில உரிமை விவரம்). அதை முடித்து நிமிர்ந்தால் மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது வருவாய்க் கணக்குத் தணிக்கை. வட்டாட்சியர் அலுவலகமே அதில் மூழ்கிக் கிடக்கும். அதே மே, ஜூனில்தான் ஊர் முழுக்கச் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வந்து நிற்கும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகஸ்டில் போட வேண்டியவை சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. இவை காலாவதி ஆவதில்லை. வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அதை முன்கூட்டியே எடுத்தால் கல்லூரியில் உதவித்தொகை கேட்கும்போது தேதி போயிருக்கும். அதை மட்டும் ஏப்ரலில், ஜமாபந்தி தொடங்கும் முன். ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். அதற்குமேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

முதல் பட்டதாரியில் ஜனங்கள் தடுக்குவது ஓரிடத்தில்தான். குடும்பத்தில் வேறு யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது, உடன்பிறந்தவர்களில் ஒருவர்தான் இந்தக் கல்விக் கட்டணச் சலுகையை வாங்கலாம். அக்கா சான்று வாங்கி பி.ஏ.வோ பி.எஸ்சியோ முடித்திருப்பாள், தம்பிக்கும் போடுவார்கள், ஆய்வில் நிராகரிப்பு வரும். டீச்சர் நோட்டில் "அக்கா/அண்ணன் என்ன படிப்பு" என்று கேட்டு எழுதியிருப்பார். வீட்டில் முதலில் பிறந்தது மூன்று வருடக் கலைப் படிப்புக்கும் அடுத்தது பொறியியலுக்கும் போகும் என்று தெரிந்தால், சலுகையை யாருக்கு வைத்துக்கொள்வது என்று முன்பே பேசி முடிப்பார்.

குடமுருட்டி

ஓபிசி (மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்) சான்று பற்றி ஒரு வார்த்தை சேருங்கள் சார். வருடா வருடம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் ஜேஇஇ நுழைவுத்தேர்வுக்கும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஈசேவை மேசை

சரிதான். மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்று மத்திய நிறுவனத்துக்குச் செல்லாது. தனியாக ஓபிசி சான்று வேண்டும், மத்தியப் பட்டியலில் அந்தச் சாதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். போன வருடத்துச் சான்றை ஏற்றினால் சரிபார்ப்பில் பொதுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

இன்னொரு பழக்கம் அவரிடம் இருந்தது. சாதிச் சான்று விவரத்தை வகுப்பில் கூப்பிட்டுக் கேட்கமாட்டார். "யாரெல்லாம் எம்பிசி, கை தூக்கு" என்பது பல பள்ளிகளில் இன்னும் சாதாரணமாக நடக்கிறது. அவர் ஒவ்வொருவராக, அதுவும் ரெக்கார்டு நோட்டுத் திருத்தும் சாக்கில் கூப்பிட்டு, சான்றிதழை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். யாருடையது என்னவென்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது.

பாமணி

எல்லோரும் காகிதத்தையே எழுதுகிறீர்கள். காகிதம் சரியாக இருந்ததால் மட்டும் பிள்ளைகள் அவரைத் தேடிப் போகவில்லை. அவர் பேசிய விதத்தை யாராவது எழுதாவிட்டால் இந்த இழை இ-சேவை மையக் கையேடாகிவிடும்.

கவனித்தவை:

அவர் உட்காரும் இடம் விலங்கியல் ஆய்வகத்தின் வெளித் தாழ்வாரம். கதவு திறந்தே இருக்கும், ஆள் தெரியும், பேச்சு கேட்காது. நாற்காலி இரண்டையும் எதிரெதிரே போடமாட்டார், 'ட' போலப் பக்கவாட்டில் போடுவார். பிள்ளை பேசும்போது விளையாட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டு பேசலாம், முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையில் ஏதாவது சின்ன வேலை கொடுப்பார். ஸ்லைடு துடைப்பது, லேபிள் ஒட்டுவது. எதிரில் வைத்துக் குறிப்பு எடுக்கவே மாட்டார், பிள்ளை போன பிறகுதான் நோட்டு வெளியே வரும்.

"என்ன ஆகப் போறே?" என்று ஆரம்பிக்கமாட்டார். அந்தக் கேள்விக்கு டாக்டர், கலெக்டர், போலீஸ் என்று மூன்று பதில்தான் வரும். அவர் கேட்பது "நேத்து ஸ்கூல் விட்டுப் போய் என்னம்மா செஞ்சே?" அதிலிருந்து வீடு தெரிந்துவிடும். மாடு பிடித்துக் கட்டினேன், தம்பிக்குச் சோறு வடித்தேன், அப்பா வர லேட்டாச்சு, கரண்ட் இல்லை. பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளைக்கு விடுதி வேண்டுமா, வீட்டிலிருந்து போய்வரும் கல்லூரி வேண்டுமா என்பது அவருக்கு விளங்கிவிடும்.

பதில் வரவில்லை என்றால் அடுத்த கேள்விக்குத் தாவமாட்டார். சும்மா இருப்பார். புதிதாக வழிகாட்டி ஆசிரியராக வருபவர்களுக்கு இதுதான் வராது. அமைதி வந்தவுடன் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், பிள்ளை தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடும், திரும்ப வராது.

வேதியியல் வாத்தியார்

பாமணி சொன்னதோடு ஒன்று: ரகசியத்துக்கு ஓர் எல்லை வைத்திருந்தார், அந்த எல்லையை முதலிலேயே சொல்லியும் விடுவார். "நீ சொல்றது என்னோட இருக்கும். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா நான் மட்டும் வச்சுக்க முடியாது, யார்கிட்ட சொல்லப் போறேன்னு உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." பாலியல் தொல்லை என்றால் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆகவேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று இருப்பதும் போதாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசி, பேசிய நேரத்தைக் குறித்து வைப்பார். இந்த மாதிரி விஷயங்களுக்குத் தனி நோட்டு, பீரோவில் பூட்டி. அதில் பெயர் இருக்காது, எண் மட்டும்.

வெட்டாறு

கலந்தாய்வு பக்கம் நான் எழுதுகிறேன். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணக்கு 86, இயற்பியல் 78, வேதியியல் 82 என்றால் 86 + 39 + 41 = 166. இதைப் பிள்ளையே போட வேண்டும், அவர் போட்டுத் தரமாட்டார்.

விருப்பப் பட்டியல் நிரப்புவதில் அவர் சொன்ன ஒழுங்கு: முதலில் காகிதத்தில் எழுது, வீட்டில் படித்துக் காட்டு, ஒரு ராத்திரி கழித்துப் பிறகு கணினியில் ஏற்று. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம், கட்டணம் கூடாது, அதனால் பத்தோடு நிறுத்தாதே. கிடைக்கும் என்று நினைக்கும் வரிசையில் போடாதே, பிடிக்கும் வரிசையில் போடு. கணினி மேலிருந்து கீழேதான் வரும். மேலே உள்ளது கிடைக்கவில்லை என்பதற்காகக் கீழே உள்ளதற்கான வாய்ப்பு குறையாது. இந்த ஒரு விஷயம் புரியாமல் "நடுத்தரக் கல்லூரியை மேலே போட்டால் உறுதியாக வரும்" என்று போட்டு, நல்ல இடத்தைத் தானே தட்டிவிட்டவர்கள் ஏராளம்.

கல்லூரிக் குறியீட்டு எண்ணைக் கவனி. ஒரே மாதிரிப் பெயரில் நான்கு கல்லூரி இருக்கும். செங்கிப்பட்டியில் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரியும், தஞ்சாவூர் என்று முகவரி போட்டுக்கொள்ளும் தனியார் கல்லூரிகளும் பட்டியலில் அடுத்தடுத்து வரலாம். திருக்குவளையிலும் பட்டுக்கோட்டையிலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. கட்டணம் குறைவு, வீட்டுக்குப் பக்கம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன், மறுத்து மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கிறேன், மறுத்து அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு சொல்தான் வித்தியாசம், விளைவோ மலைக்கும் மடுவுக்கும். மூன்றாவதை அழுத்தி மேலே எதுவும் வராவிட்டால் கையில் இருந்ததும் போய்விடும். இரண்டாவதை அழுத்தியவர் அட்டவணையில் சொன்ன நாளுக்குள் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அதுவும் ரத்து. உறுதி செய்யும் இரண்டு நாளில் எதையுமே அழுத்தாமல் விட்டவரும் உண்டு, வீட்டில் செய்தி பார்க்க ஒரே போன், அது அப்பாவோடு களத்துமேட்டுக்குப் போயிருக்கும். அதனால்தான் நோட்டில் "யார் போன் எடுப்பார்கள்" என்ற வரி.

குடமுருட்டி

கலைக்கல்லூரியையும் சொல்லுங்கள். எல்லோரும் பொறியியலுக்கா போகிறார்கள்?

வெட்டாறு

அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு ஒரே இணையதளம், கட்டணம் 48-ம் பதிவுக்கு 2-ம் சேர்த்து 50 ரூபாய், எஸ்சி எஸ்டிக்கு 2 ரூபாய் மட்டும். தரவரிசை நான்கு முதன்மைப் பாடங்களின் 400-க்கு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண். ஆகவே மொத்தம் குறைந்து தமிழில் மட்டும் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளை கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரியிலோ தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் பெண்கள் கல்லூரியிலோ தமிழுக்கு முன்வரிசையில் வரும். டீச்சர் இதை ஒவ்வொரு மதிப்பெண் பட்டியலிலும் தேடிப் பார்ப்பார். கலந்தாய்வு கல்லூரியிலேயே நேரில் நடக்கும். தேதி குறுஞ்செய்தியில்தான் வரும், விடுபட்டால் போனதுதான், அதனால் கல்லூரி வாசல் பலகையையும் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்வார்.

கடைமடை

பக்கத்தில் உள்ளதைச் சொல்லித் தருவதுதான் அவரது பலம். தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்பக் கழகம் (நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்து வளர்ந்ததுதான் அது) பி.டெக்குக்கு ஜேஇஇ மெயின் மதிப்பெண் கேட்கிறது என்பது ஊருக்குள் யாருக்குத் தெரியும்? ஜேஇஇக்கு முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும், பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு கேட்டால் கதவு மூடியிருக்கும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, தலைஞாயிறு மீன்வளக் கல்லூரி, ஈச்சங்கோட்டையிலும் கீழ்வேளூரிலும் வேளாண்மைக் கல்லூரிகள், கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி, திருவையாறு இசைக் கல்லூரி. எல்லாம் ஒரு பஸ், இரண்டு பஸ் தூரம். வகுப்புச் சுவரில் கல்லூரி வரைபடம் ஒன்று இருந்தது. கல்லூரிப் பெயருக்குக் கீழே பஸ் எங்கே மாறவேண்டும் என்று எழுதியிருப்பார், வேறு விவரமே இருக்காது.

ஆனால் குறை ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஐடிஐ, பாலிடெக்னிக் பக்கம் அவருக்குக் கொஞ்சம் பிடிப்புக் கம்மி. "கடைசி வழி" என்கிற மாதிரிதான் சொல்வார். அதனால் கையில் வேலை உள்ள சில பையன்கள் வேண்டாவெறுப்பாக பி.காமில் உட்கார்ந்து இரண்டாம் வருடத்தில் நின்றார்கள்.

மண்ணியாறு

ஏற்கிறேன். அவர் தலைமுறைக்குப் பட்டம் என்பதன் மதிப்பே வேறு. இனி செய்பவர்கள் அதைச் சரிசெய்யட்டும். அரசு ஐடிஐயில் பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. பிளஸ் டூவில் அறிவியலோ தொழிற்பிரிவோ படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. கணக்குப் பாடம் வராத, ஆனால் மோட்டார் கழற்றிப் பூட்டத் தெரிந்த பையனுக்கு இதுதான் நேர் வழி.

பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே இது ஆரம்பித்துவிடும். "பியூர் சயின்ஸ்" என்று தாவரவியல், விலங்கியல் எடுத்தால் கணக்கு இல்லை, பொறியியல் முடிந்தது. சின்ன ஊர்ப் பள்ளியில் இரண்டு மூன்று குரூப்தான் இருக்கும். இங்கே டீச்சர் பிடிவாதக்காரர்: வேண்டிய குரூப் நம் பள்ளியில் இல்லை என்றால் அது இருக்கிற அரசுப் பள்ளிக்கு அவரே அனுப்பிவைப்பார். ஆள் குறைகிறது என்று அலுவலகத்தில் முணுமுணுப்பார்கள். கேட்கமாட்டார்.

அரசலாறு

பெண் பிள்ளைகள் விஷயம் யாரும் தொடவில்லை. நான் எழுதுகிறேன்.

"தையில் கல்யாணம்" என்ற பேச்சு பிளஸ் டூ அரையாண்டு நெருக்கத்தில்தான் கிளம்பும். அறுவடைப் பணம் வரும் நேரம் அது. அந்த நேரத்தில் அப்பா அம்மாவிடம் போய் வாதாடிப் பிரயோசனம் இல்லை என்பது டீச்சரின் கணக்கு. நோட்டில் "முடிவு சொல்வது யார்" வரியைப் பார்த்து அந்தத் தாய்மாமனையோ அப்பாயியையோ பார்ப்பார். பள்ளிக்கு வரச்சொல்லமாட்டார், வரச்சொன்னால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். கோயிலிலோ கடைத்தெருவிலோ எதேச்சையாகப் பார்க்கிற மாதிரி. கல்யாணம் வேண்டாம் என்று ஆரம்பிக்கமாட்டார். "எப்ப வச்சிருக்கீங்க? படிச்சுக்கிட்டே இருக்கட்டுமே, மாசம் ஆயிரம் வருதே" என்பார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்த பிறகு இந்தப் பேச்சு சுலபமானது. பதினெட்டு ஆகவில்லை என்றால் மட்டும் குரல் மாறும், 1098 என்ற எண்ணையும் மறைக்காமல் சொல்லிவிடுவார்.

அடுத்தது பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் ஊருக்குள் வரும் டவுன் பஸ் ஒரு நாளைக்கு மூன்று டிரிப் என்றால், கல்லூரியில் இரண்டாம் ஷிப்டில் இடம் எடுத்த பெண் இருட்டில் கூட்டுரோட்டிலிருந்து நடக்க வேண்டும். முதல் மாதத்திலேயே வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இடம் கிடைத்ததும் எந்த ஷிப்டு என்று கேட்பதும், அதே ஊரிலிருந்து அதே ஷிப்டுக்குப் போகும் இன்னொரு பெண்ணைத் தேடி இணைத்துவிடுவதும் அவர் வழக்கம். இரண்டு பேர் சேர்ந்து போனால் நிறுத்தமாட்டார்கள்.

வெண்ணாறு

ரிசல்ட் நாளை விட்டுவிடாதீர்கள். அவர் செய்ததிலேயே முக்கியமானது அது என்பது என் கருத்து.

முதல் நாள் சாயங்காலமே ஒரு சின்னப் பட்டியல் போடுவார். தேறமாட்டார்கள் என்று தோன்றுபவர்கள் மட்டுமில்லை. 95 எதிர்பார்த்து 80 வாங்கப் போகிறவர்களும், வீட்டில் அண்ணனோடு ஒப்பிடப்படுகிறவர்களும் அதில் இருப்பார்கள். அந்த வீடுகளுக்கு முன்னிரவே போன். அம்மாவிடம் சொல்வது மூன்றுதான்: காலையில் பிள்ளையைத் தனியாக விடாதீங்க, நாளைக்கு வயல் வேலைக்கு எல்லோரும் ஒண்ணாப் போயிடாதீங்க, பூச்சிமருந்து டப்பாவைப் பம்ப்செட் கொட்டகையில வச்சுப் பூட்டிச் சாவியை நீங்க வச்சுக்கோங்க. மூன்றாவதை எல்லோரிடமும் சொல்வார், இந்த வீடு அந்த வீடு என்று பார்க்கமாட்டார். சம்பாவுக்கு அடித்தது போக மிச்ச மருந்து இல்லாத வீடு நம் பக்கம் எது?

ரிசல்ட் வந்ததும் தேறியவர்கள் அவருக்குப் போன் செய்யலாம், எடுக்கமாட்டார். தேறாதவர்களுக்கு அவரே முதலில் போடுவார். "போச்சே" என்ற பேச்சே இருக்காது. அடுத்த தேதிகளைத்தான் சொல்வார்: துணைத்தேர்வு அடுத்த மாதமே, அதில் தேறினால் இதே வருடம் கல்லூரி, எந்தப் பாடம், தியரியில் எவ்வளவு குறைவு. செய்முறை உள்ள பாடத்தில் 70-க்கு 15 தியரியிலேயே எடுத்திருக்க வேண்டும், மொத்தம் 35. பல பேருக்கு மொத்தம் சரியாக இருந்து தியரியில் இடித்திருக்கும். ராத்திரி தூங்காத பிள்ளை என்றால் மனநல உதவி எண் 104 அல்லது 14416, எந்நேரமும்.

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகல், பாடத்துக்கு 275 ரூபாய். நகல் வந்த பிறகு பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்துத்தான் மறுகூட்டலா (205, உயிரியலுக்கு 305), மறுமதிப்பீடா (505) என்று முடிவு. மறுமதிப்பீட்டில் குறையவும் செய்யும். ஆத்திரத்தில் எல்லாப் பாடத்துக்கும் பணம் கட்ட விடமாட்டார்.

பாமணி

மருந்து டப்பா விஷயத்தை எழுதியதற்கு நன்றி வெண்ணாறு. அதைக் கூச்சப்பட்டு யாரும் வெளியே சொல்வதில்லை.

கடைமடை

பணக் கணக்கும் அவருடையது தனி. சம்பளக்கார வீட்டுக்கு ஜூனும் ஒன்றுதான், ஜனவரியும் ஒன்றுதான். நம் வீடுகளில் காசு கையில் நிற்பது சம்பா நெல் போட்டுப் பணம் வங்கியில் ஏறும் தை, மாசி, பங்குனியில். கல்லூரியில் கட்டணம் கேட்பது ஆனி, ஆடியில். அப்போது மேட்டூர் திறந்து, வீட்டிலிருப்பது எல்லாம் குறுவைக்கு உழவு, விதை, நடவு என்று போயிருக்கும். நகையும் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில்தான் வட்டிக்கு வாங்குவார்கள்.

மாசியிலேயே பெற்றோர் கூட்டம் வைத்து, பிள்ளை பெயரில் தனியாக ஒரு தொகையை ஒதுக்கச் சொல்வார். எவ்வளவு என்றும் சொல்வார்: முதல் பருவக் கட்டணம், விடுதி முன்பணம், இரண்டு மாதச் சாப்பாடு, போக்குவரத்து. கல்விக் கடன் என்றால் நான்கு லட்சம் வரை பிணையமும் இல்லை, கைக்காசும் போட வேண்டாம். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து எண் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போ, வெறும் வாயால் கேட்டு வெறும் வாயால் மறுக்கப்பட்டுத் திரும்பாதே என்பார்.

அரசலாறு

புதுமைப்பெண் பணம் மாதம் ஆயிரம் வரவில்லை என்று இப்போது ஒரு பிள்ளை கேட்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, கல்லூரியில் விண்ணப்பமும் ஆகிவிட்டது, ஒப்புதல் என்று காட்டுகிறதாம். பணம் மட்டும் இல்லை. டீச்சர் இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பார். யாருக்காவது தெரியுமா?

ஈசேவை மேசை

மூன்றில் ஒன்றாக இருக்கும், இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த சிறார் கணக்கு. பதினெட்டு முடிந்தவுடன் புதுக் கையெழுத்து, புகைப்படம், ஆதார் கொடுத்துப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வங்கி முடக்கி வைத்திருக்கும்.

இரண்டு, கணக்கில் ஆதார் சேர்த்திருப்பதும், அரசுப் பணம் வருவதற்கு ஆதாரோடு இணைத்திருப்பதும் வேறு வேறு. வங்கியில் "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைக்கணும்" என்று கேட்டு அதற்கான படிவத்தைக் கொடுக்க வேண்டும். இணைந்ததா என்பதை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை பகுதியில் பார்க்கலாம்.

மூன்று, ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான் இணைந்திருக்கும், கடைசியாக இணைத்ததுதான் நிற்கும். அந்தப் பிள்ளை சிம் வாங்கும்போதோ கல்லூரிக்குள் முகாம் போட்டபோதோ வேறு வங்கியில் கணக்குத் திறந்திருந்தால் பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும். முதலில் அந்தக் கணக்கின் இருப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் 2024 கடைசியிலிருந்து உண்டு, பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் அதே வருடம் ஆகஸ்டில் தொடங்கியது. இதையும் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள், 7.5-ஓடு குழப்பிக்கொள்கிறார்கள்.

அரசலாறு

மூன்றாவதுதான். கல்லூரி முகாமில் திறந்த கணக்காம், அதில் நான்கு மாதப் பணம் இருக்கிறது. நன்றி அண்ணே.

மண்ணியாறு

இதுவரை வந்ததைப் பிரித்துக்கொள்வோம். சான்றிதழ் மாத அட்டவணை ஈசேவை மேசை, கலந்தாய்வு வெட்டாறு, ரிசல்ட் நாள் வெண்ணாறு, கல்லூரி–பஸ் வரைபடம் கடைமடை. பேச்சு முறையைப் பாமணி ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதித் தரவும். ஐடிஐ, பாலிடெக்னிக் பகுதிக்கு ஆள் இல்லை, அந்தத் துறையில் இருப்பவர் யாராவது முன்வாருங்கள். ஆகஸ்டுக்கு முன் பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.